சிறுவர் பக்கத்தில் ஒரு வண்ணத்தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'பாடத்தில் கவனம் இல்லை' என்று பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் எழுதிவிடுவது எளிது. கவனம் எப்படி வேலை செய்கிறது, எங்கே இடறுகிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டுவதும் அதே அளவுக்கு எளிதுதான். நான்கு ஸ்கெட்ச் பேனா, இரண்டு வெள்ளைத்தாள், கைபேசியில் ஸ்டாப்வாட்ச், இவ்வளவு போதும்.

ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் 1935-இல் வெளியிட்ட சோதனை இது. முதல் தாளில் வரிக்கு 4 வீதம் 5 வரிகளில் 20 வண்ணப் பட்டைகள் தீட்டுங்கள். பிள்ளை அவற்றின் நிறங்களை வரிசையாகச் சொல்லட்டும், ஆகும் நேரத்தைக் குறியுங்கள். இரண்டாவது தாளில் பட்டைக்குப் பதில் நிறங்களின் பெயர்கள். ஆனால் 'சிவப்பு' என்பதைப் பச்சை மையில், 'நீலம்' என்பதைச் சிவப்பு மையில் என்று மாற்றி எழுத வேண்டும். பிள்ளை சொல்லைப் படிக்கக்கூடாது. மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். நாலைந்து சொல் போவதற்குள் நாக்கு குழறும், "ஐயோ, படிச்சிட்டேன்!" என்று சிரிப்பு வரும். ஸ்ட்ரூப் 100 பட்டைகளும் 100 சொற்களும் வைத்துச் சோதித்தபோது, கல்லூரி மாணவர்களுக்கே பட்டைகளுக்குச் சராசரியாக 63 வினாடியும் சொற்களுக்கு 110 வினாடியும் ஆயின.

காரணம், வாசிப்பு நன்றாகப் பழகிவிட்டால் கண் பட்டதுமே சொல் தானாக மனதில் படிந்துவிடுகிறது. அதைத் தள்ளிவைக்கத் தனி முயற்சி தேவைப்படுகிறது. எழுத்து தெரியாத 4 வயதுத் தம்பி அதே தாளில் தடுமாறவே மாட்டான். அக்கா தடுமாறுவது அவள் சரளமாகப் படிக்கிறாள் என்பதற்கு அடையாளம். பெற்றோர் இதை அவசியம் புரிந்துகொள்ள வேண்டும்.

செய்யும்போது பிசகுகிற இடங்களும் உண்டு. மஞ்சள் வெள்ளைத்தாளில் எடுபடாது. சிவப்பு, பச்சை, நீலம், கருப்பு போதும். ஒரே நிறம் அடுத்தடுத்து வரக்கூடாது. எல்லாப் பிள்ளைகளும் முதல் தாளிலேயே தொடங்கினால் பழக்கம் கணக்கைக் கெடுத்துவிடும். பாதிப் பேர் இரண்டாவது தாளில் தொடங்கட்டும். நகரத்துப் பிள்ளைகள் நிறத்தை 'ரெட்', 'புளூ' என்றுதான் சொல்வார்கள். எழுதியிருப்பது தமிழ், சொல்வது ஆங்கிலம் என்றால் தடுமாற்றம் குறைந்துபோகும். பிறகு 'சோதனை பலிக்கவில்லை' என்பார்கள். எழுதிய மொழியிலேயே சொல்லச் சொல்லுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத பையன் வகுப்பில் இருக்கலாம். பட்டைத்தாளிலேயே அது தெரியவரலாம். அவனைக் கேலிக்கு ஆளாக்காமல் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அடுத்தது தாம்பாளம். சாவி, பொத்தான், கொட்டைப்பாக்கு, கொலுசு என்று 12 பொருள்களைப் பரப்பி அரை நிமிடம் பார்க்கவிடுங்கள். துண்டால் மூடி, உள்ளே கைவிட்டு ஒரு பொருளை மட்டும் மாற்றிவிட்டுத் திறந்து, எது மாறியது என்று கேளுங்கள். பொருளை எடுத்துவிட்டால் வெற்றிடம் காட்டிக்கொடுக்கும். பெரிய சாவியைச் சின்னச் சாவியாக மாற்றினால்தான் திணறுவார்கள். துண்டு கட்டாயம் வேண்டும். கண்முன்னே மாற்றினால் அசைவே கவனத்தை அங்கு இழுத்துவிடும்.

கண் எதை விடுகிறது என்று காட்ட ஓர் அஞ்சலட்டை. இடப்பக்கம் கூட்டல் குறி, அதற்கு வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி மிளகளவு கரும்புள்ளி. இடக்கண்ணைக் கையால் மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி அட்டையை மெல்ல அருகே கொண்டுவந்தால், ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்தில் புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை. "மறையலையே" என்று ஒரு பிள்ளை சொன்னால் மூடியது எந்தக் கண் என்று பாருங்கள். அது சரியென்றால் பார்வை புள்ளிக்கு நழுவியிருக்கும். பிறகு புள்ளியின் ஊடே ஒரு கோடு இழுத்துக் காட்டுங்கள். புள்ளி மறைந்தாலும் கோடு அறுபடாமல் தெரியும். இல்லாத இடத்தை மூளை நிரப்பிக்கொள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை வேறில்லை.

மூளை இப்படித் தானாகக் கணிப்பதற்குப் பெரிய உதாரணம் சேலத்துக்காரர்களுக்கு வாசலிலேயே இருக்கிறது. மழை ஓய்ந்த காலையில் சேர்வராயன் மலை பக்கத்தில் வந்து நிற்கும். கோடைப் புழுதியில் தூரப் போய்விடும். மங்கலாகத் தெரிவதைத் தொலைவு என்று மூளை கணக்குப் போடுகிறது.

இவை எதற்கும் மதிப்பெண்ணோ தரவரிசையோ வேண்டாம். வினாடிகளைப் பிள்ளையே தன் நோட்டில் குறித்து, நாலு நாள் கழித்துத் தானே ஒப்பிடட்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏற்காடு மலையில் நாகலூர், செம்மடுவு போன்ற ஊர்களில் வண்ண அச்சுக்குக் கடை தேடிச் சேலம் இறங்க வேண்டியிருக்கும். நாளிதழ் காலையிலேயே மலையேறிவிடுகிறது. சிறுவர் பக்கத்தில் ஒருநாள் அரைப்பக்கம் ஒதுக்கி, மேலே 20 பட்டைகளும் கீழே 20 தமிழ்ச் சொற்களும் நான்கு நிறங்களில் அச்சிடுங்கள். எழுத்து ஒரு செ.மீ. உயரமாவது இருக்கட்டும், அச்சில் நிறங்கள் கலங்கினால் சோதனையே பாழாகிவிடும் என்பதால் அன்றைக்கு மை ஒழுங்கைச் சற்றுக் கூடுதலாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

உளவியல் ஆசிரியர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்.