கீரைக்காரம்மாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள தெருக்காரர்களுக்கும், விதை அனுப்பிய அத்தனை பேருக்கும்,

நேற்றுக் காலை எங்கள் கொல்லையில் முதல் தும்பை பூத்துவிட்டது. கிணற்றடி மூலையில், ஒரே ஒரு செடியில். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் கண் கலங்கிவிட்டது.

ஆடி மாதம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. யார் மேல் தப்பு என்கிற பேச்சும் இனி வேண்டாம். நாலரை சென்ட் கொல்லையில் நாட்டுச் செடிகளை வளர்த்த மூன்று வருட உழைப்பு, அத்தனையையும் வழித்தெடுக்க ஒரு ஜேசிபி, அரை மணி நேரம். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே எனக்கு மனசு விட்டுப்போயிற்று. சிமெண்ட் போட்டுவிடலாம், துணி காயப்போடவாவது ஆகும் என்று வீட்டில் பேசி முடித்தோம். வழித்தெடுத்த செடியும் மேல்மண்ணும் மூலையில் இடுப்பளவு குவிந்து கிடந்தன. அதை அள்ளிப்போக வண்டிக்கும் சொல்லியாகிவிட்டது.

வண்டி வருவதற்கு முதல் நாள் கீரைக்காரம்மா வந்தார். வாரம் இரண்டு தடவை வந்து எங்கள் கொல்லையில் மூக்கிரட்டை பறித்துப் போவார், பதிலுக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரை வைத்துவிட்டுப் போவார். மற்றபடி எங்களுக்குள் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. அவர் பெயரைக்கூட நான் கேட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

வெறும் தரையைப் பார்த்தார். “அடப்பாவமே” என்றெல்லாம் சொல்லவில்லை. கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே குவியலுக்குப் போய் ஒரு பிடி அள்ளினார், உள்ளங்கையில் தேய்த்தார், ஊதினார். தூசி பறந்தது. பொடிப் பொடியாய்ப் பழுப்பாக என்னவோ மிஞ்சியது.

“இது என்னன்னு நெனச்சே?”

நான் விழித்தேன்.

“தும்பை விதை, தாயி. ஜேசிபிக்காரன் ஒண்ணும் கொண்டுபோகலை. எல்லாத்தையும் மூலையில கூட்டி வச்சிட்டுப் போயிருக்கான்.”

முறம் இருக்கிறதா என்று கேட்டார். பரணிலிருந்து மாமியார் காலத்து முறத்தை எடுத்துக் கொடுத்தேன். கீரை வாடிவிடுமே என்றதற்கு, ஈரத்துணி ஒன்று வாங்கிக் கூடைமேல் போட்டார். அப்புறம் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. காய்ந்த செடிகளைத் தனியே உருவி அடித்துப் புடைத்தார், கொழித்தார், நேம்பினார். முறத்தை லேசாகச் சாய்த்து ஒரு தட்டு தட்டினால் விதை ஒரு பக்கமும் மண் ஒரு பக்கமுமாகப் பிரிகிறது. நான் செய்தால் எல்லாம் சேர்ந்து தரையில் கொட்டுகிறது. தும்பையின் காய்ந்த ஒவ்வொரு பூக்குவளைக்குள்ளும் நாலு விதை உண்டு என்பதையும், கிலுகிலுப்பைக் காயைக் காதருகே ஆட்டிப் பார்த்து முற்றலைப் பிரிக்கலாம் என்பதையும் வாய் பேசிக்கொண்டே இருந்தது, கை நிற்கவே இல்லை.

கொழுஞ்சி விதையைக் கண்டதும், “இதை அப்படியே தூவாதே, தோல் கெட்டி. மணலோட சேத்துத் தேச்சுப் போடு” என்றார். முதல் வருடம் நான் தூவிய கொழுஞ்சியில் முக்கால்வாசி ஏன் முளைக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. எத்தனை காணொளி பார்த்திருப்பேன்!

ஒன்றரைப் படி விதை தேறியது. மிச்ச மேல்மண்ணையும் விடவில்லை. புரட்டாசிக் கடைசியில் ஒரு விரற்கடை கனத்துக்குப் பரப்பச் சொன்னார். பணம் நீட்டினேன். “மூக்கிரட்டைக்கு வேரு ஆழம், அது தானா வந்துரும். அது போதும்” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவர் வியாபாரம் போச்சு.

தபால் உறையில், கல்யாணப் பத்திரிகைக் கவரில், மாத்திரை டப்பாவில் என்று ஆவாரை, தகரை, விஷ்ணுகிராந்தி விதைகளை அனுப்பியவர்களே, எல்லாவற்றையும் மணலில் கலந்து தூவிவிட்டேன். எறும்பு இழுக்காமல் இருக்கச் சாம்பல் கொடுத்த டீக்கடை அண்ணன், ஐப்பசி மழை தாமதித்த பத்து நாளும் குடத்தில் தண்ணீர் தெளித்த பையன்கள், சிமெண்ட் மூட்டையைச் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பிய என் மாமியார், எல்லோருக்கும் கும்பிடு. உன்னிச்செடி விதை அனுப்பியவர் மட்டும் மன்னிக்கவேண்டும். பூ அழகுதான், ஆனால் காட்டையே வளைத்துப் போடும் செடி அது, விதைக்க மனம் வரவில்லை.

புரட்டிய மண்ணில் முதலில் வந்தது என்னவோ பார்த்தீனியம்தான். பூக்கும் முன்பே பிடுங்கித் தள்ளினேன், இன்னும் பிடுங்குகிறேன். ஆனால் நடு நடுவே கிலுகிலுப்பை முழங்கால் உயரம் வந்துவிட்டது. அது காயும்போது நீலமும் கறுப்புமாய் வரி போட்ட பட்டாம்பூச்சிகள் வந்து அப்பிக்கொள்ளும். காய்ந்த தண்டிலிருந்து உறிஞ்சும் சத்தை வைத்துத்தான் ஆண் பூச்சி ஜோடியைக் கூப்பிடும் வாசனையைச் செய்கிறதாம். அதனால் இனி மாசி, பங்குனியில் கொல்லை சருகாய்க் கிடந்தாலும் விதை உதிராமல் துடைப்பம் எடுக்கமாட்டேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று கீரைக்காரம்மா வந்ததும் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்த ஒற்றைப் பூவைக் காட்டினேன். என்னென்னவோ சொல்ல நினைத்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. அவர் பூவைப் பார்த்தார், சரி என்பதுபோலத் தலையசைத்தார். குந்தி உட்கார்ந்து மூக்கிரட்டையைக் கிள்ள ஆரம்பித்தார். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

“கொஞ்சம் தள்ளி நில்லு தாயி, தும்பை நாத்தை மிதிக்கிறே.”