கௌரிக்கு, தெப்பக்குளத்திலிருந்து

மதுரை,
சனிக்கிழமை காலை

அன்புள்ள கௌரி,

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டுவிட்டேன். பாதியில் பாப்பா அழுகிற சத்தம், "இரு இரு, வர்றேன்" என்று நீ எழுந்து போனது, அப்புறம் ஒரு நிமிஷத்துக்கு வெறும் ஃபேன் சத்தம். திரும்பி வந்து, "என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்னே மறந்துபோச்சுடி" என்றாய். அந்த ஃபேன் சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. அதற்கு நாலு வரி மெசேஜில் பதில் போட மனம் வரவில்லை.

எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா? வண்டியூர் தெப்பக்குளம், மேற்குக் கரைச் சுவர். நேரம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால். மைய மண்டபத்துக்குப் பின்னால் வானம் வெளுத்துக்கொண்டு வருகிறது. நாம் காலேஜ் படிக்கும்போது இதற்குள்ளே பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? தை மாசத் தெப்பத்துக்கு மட்டும்தான் தண்ணீர் விடுவார்கள். இப்போது சில வருஷமாக வைகைத் தண்ணீர் வந்து நிற்கிறது. படகு கூட விடுகிறார்கள். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல். சில நாள் மூன்று சுற்று நடப்பேன். சில நாள் நடக்கவே மாட்டேன், சும்மா உட்கார்ந்திருப்பேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். "இத்தனை வருஷம் ஏங்கிப் பெத்துக்கிட்ட பிள்ளை. இப்போ பத்து நிமிஷம் தனியா இருக்க மாட்டோமான்னு தோணுது. நான் நல்ல அம்மாதானா?" என்றாய். கௌரி, நீ ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த நாட்களில் கூட இருந்தவள் நான். அந்த ஏக்கம் எவ்வளவு நிஜமோ இந்த அலுப்பும் அவ்வளவு நிஜம். ஒன்று இருப்பதால் இன்னொன்று பொய்யாகிவிடாது. ஒன்பது மாசமாக ராத்திரி முழுசாகத் தூங்காத உடம்பு அது. அந்த உடம்பு தனிமை கேட்டால் பிள்ளையை வேண்டாம் என்று சொல்வதாக அர்த்தமில்லை. உனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். தவமிருந்து பெற்றவள் முணுமுணுக்கக் கூடாது என்று ஊரே நினைக்கிறது, நீயும் அதை நம்பிவிட்டாய்.

உனக்குக் கம்பெனியில் கிடைத்த பேறுகால விடுப்பு 26 வாரம். சின்னவன் பிறந்தபோது அரசுப் பள்ளியில் எனக்கு ஒன்பது மாசம் கிடைத்தது, 2021ல் அதைப் பன்னிரண்டு மாசமாக்கினார்கள். அந்த ஒன்பது மாசத்தையும் எல்லாரும் "லீவு" என்றுதான் சொன்னார்கள், நானும் சொன்னேன். திரும்பிப் பள்ளிக்கூடம் போன முதல் நாள் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீயைச் சூடாக, ஒரே மூச்சில் உட்கார்ந்து குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதற்கென்று அப்போது எனக்கே புரியவில்லை.

போன வருஷம் ஒரு காரியம் செய்தேன். நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று அரசாங்கம் 2019ல் நாடு முழுக்க நடத்தியதல்லவா? விடிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை, அரை அரை மணி நேரமாக என்ன செய்தீர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். சொந்த வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்களுக்கு அதற்கு ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிஷம், ஆண்களுக்கு 97. பிள்ளை பார்ப்பது இதில் சேராது, அது தனிக் கணக்கு. 2024ல் மறுபடி எடுத்தபோது 289, 88. நமக்குப் பத்து நிமிஷம் குறைந்திருக்கிறது, அவர்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்திருக்கிறது. பேப்பரில் அதைப் படித்த அன்றைக்கே பெரியவளின் பழைய கணக்கு நோட்டில் 48 கட்டம் போட்டு, ஒரு நாளை அப்படியே எழுதிப் பார்த்தேன். நாலே முக்காலுக்கு எழுந்தது, மாவு, பால், மூன்று டிபன் பாக்ஸ், யூனிஃபார்ம், பள்ளிக்கூடம், நோட்டுத் திருத்தல், சின்னவனின் வாய்ப்பாடு, பாத்திரம். எல்லாக் கட்டமும் நிறைந்துவிட்டது. எனக்கென்று இருந்தது ராத்திரி பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை இரண்டே கட்டம். அதில் "போன்" என்று எழுதியிருந்தேன்.

நீயும் அதைத்தான் செய்கிறாய் என்று உன் மெசேஜ் வந்த நேரத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். 12:40. எல்லாரும் தூங்கிய பிறகு இது என் நேரம் என்று படுத்துக்கொண்டே விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறது. நான் மூன்று வருஷம் அப்படிச் செய்தேன். காலையில் எழும்போது நேற்று என்ன பார்த்தோம் என்று ஒன்றுகூட நினைவிருக்காது, தூக்கம் போனதுதான் மிச்சம். எல்லாருக்கும் கொடுத்தது போக மிஞ்சுகிற நேரத்தில் நாமும் சக்கையாகத்தான் மிஞ்சியிருக்கிறோம்.

அதனால் காலை நேரத்தைக் கேட்பது என்று முடிவு செய்தேன். ஆனால் கேட்க வாய் வரவில்லை. "எனக்கு ஒரு மணி நேரம் வேணும்" என்றால் "எதுக்கு?" என்று வருமே, அதற்குப் பதில் இல்லை. கடைசியில் பொய் சொன்னேன். சுகர் பார்டரில் இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னார் என்றேன். உடனே வீட்டில் எல்லாரும் சரி என்றார்கள். அது மட்டுமில்லை, அத்தை எனக்கென்று தனியாகப் பாகற்காய் வதக்க ஆரம்பித்தார். கம்பங்கூழ் கரைத்து வைத்தார். எழுபது வயசுக்காரர், முட்டிவலியோடு அடுப்படியில் நின்று. ஒரு மாசம்தான் என்னால் தாங்க முடிந்தது. ஒரு நாள் அவர் பக்கத்தில் போய் நின்று உண்மையைச் சொல்லிவிட்டேன். சுகர் இல்லை, தனியாக இருக்கத்தான் போகிறேன் என்று.

அத்தை வாணலியை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னது இது: "எங்க ஊர்ல சுள்ளி பொறுக்கப் போறோம்னு போவோம் தாயி. சுள்ளி பொறுக்க எவ்வளவு நேரமாகும்? மீதி நேரம் ஆலமரத்தடியில உக்காந்துட்டு வருவோம். சும்மா போறேன்னு சொன்னா விடுவாகளா?"

கௌரி, எனக்கு நெஞ்சை அடைத்தது. சுள்ளி, குடம், வெள்ளிக்கிழமைக் கோயில், இப்போது டாக்டர். எத்தனை தலைமுறையாக ஏதாவது ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாசலைத் தாண்டியிருக்கிறோம்! காரணம் சொல்லாமல் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ராத்திரி என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். பிறகு செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை வேலை தன்னுடையது என்றார்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. முதல் வாரம் சாம்பார் டப்பாவைச் சரியாக மூடாமல் விட்டு, பெரியவளின் பை முழுக்கக் கொட்டிவிட்டது. அறிவியல் நோட்டு மஞ்சளாக ஊறி வந்தது. பக்கம் பக்கமாகப் பிரித்து ஃபேனடியில் காயவைத்துக்கொண்டே, இனிமேல் போக வேண்டாம் என்று நினைத்துவிட்டேன். அத்தைதான் விடவில்லை. இப்போது அந்த நாட்களில் எலுமிச்சை சாதம் அல்லது தயிர் சாதம். பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.

இதையெல்லாம் உனக்கு அப்படியே செய் என்று சொல்ல மாட்டேன். உன் பாப்பா பால் குடிக்கிற பிள்ளை. ஆனால் ஒன்பது மாசத்தில் கூழும் இட்லியும் சாப்பிடுகிறாள், இரண்டு மணி நேரம் உன்னைத் தேடாமல் இருப்பாள். உன் அம்மா அங்கே இருக்கும்போதே கேள். பக்கத்து அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதே. வீட்டுக்குள் இருந்தால் காது வேலை செய்துகொண்டே இருக்கும். அவள் சிணுங்கினால் உனக்கு நெஞ்சு ஊறும். தெருமுனை வரைக்காவது வெளியே போ. பத்து நிமிஷமானாலும் பரவாயில்லை. உன் வீட்டுக்காரரிடம் "குளிச்சிட்டு வர்றேன்" என்று கேட்டு அதை உன் நேரமாக எண்ணிக்கொள்ளாதே. குளிப்பது குளிப்பதுதான், அதைக் கேட்டு வாங்க வேண்டியதே இல்லை.

முதல் சில நாள் வெளியே போயும் என்ன செய்வதென்று தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே வந்து உட்கார்ந்து மறுநாள் சமையலுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் ஒரு மீன்கொத்தி சுவரிலிருந்து தண்ணீருக்குள் பாய்ந்து, வாயில் மீனோடு திரும்பி வந்து உட்கார்ந்தது. அது அந்த மீனைச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டி விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நேரமும் வீட்டு ஞாபகமே வரவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அப்படி ஒரு நேரம்.

வெயில் ஏறிவிட்டது. எதிர்க்கரையில் டீக்கடையில் கூட்டம். இந்தத் தாளைக் கவரில் போட்டுப் போகிற வழியில் தபால்பெட்டியில் சேர்த்துவிடுவேன்.

மே மாசம் லீவில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இங்கே வா. அத்தை இப்போதே பழைய தொட்டில் சேலையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். பாப்பாவை நானும் அவரும் பார்த்துக்கொள்கிறோம். நீ தனியாக ஒரு சுற்று நடந்துவிட்டு வா.

உன்,
சுமதி