உபுண்டுவில் பைத்தானை மூலநிரலிலிருந்து நிறுவுவோர் கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உபுண்டு லினக்ஸ் கணினியில் பைத்தான் என்னும் நிரல்மொழியின் புதிய பதிப்பை மூலநிரலிலிருந்து நாமே உருவாக்கி நிறுவிக்கொள்ளும் முறையைப் பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்திலேயே பைத்தான் இடம்பெற்றுள்ள தமிழ்நாட்டில் இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் நிச்சயம் பலர் இருப்பார்கள். அதனாலேயே இக்கடிதத்தை எழுத வேண்டியதாயிற்று. கட்டுரை அமைப்பதற்கான ‘கன்ஃபிகர்’, உருவாக்குவதற்கான ‘மேக்’, நிறுவுவதற்கான ‘மேக் இன்ஸ்டால்’ ஆகிய மூன்று கட்டளைகளைத் தந்து, இறுதியில் ‘பைத்தான்3’ என்னும் இணைப்பை, அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் பெயரை, புதிய பதிப்புக்குத் திருப்பிவிடலாம் என்றும் கூறி முடிகிறது. இவற்றை அப்படியே பின்பற்றினால் பல கணினிகளில் குறைபாடுள்ள பைத்தான்தான் கிடைக்கும். கடைசி ஆலோசனையையும் ஏற்றுக்கொண்டால் இயங்குதளத்தின் சொந்தக் கருவிகளே நின்றுபோகும்.

முதல் கட்டளையான கன்ஃபிகர், பைத்தானை இந்தக் கணினிக்கும் இந்த இயங்குதளத்துக்கும் ஏற்றவாறு அமைக்கும் வேலையைச் செய்கிறது. சிறு சிறு சி மொழி நிரல்களைத் தானே எழுதி, கம்பைல் செய்து (கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றி), எந்த வசதி உண்டு, எந்த நூலகம் (பிற நிரல்கள் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பு) கிடைக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, கண்டறிந்தவற்றை ஒரு தலைப்புக் கோப்பிலும் மேக் கோப்பிலும் எழுதி வைக்கிறது. கம்பைலரே இல்லாவிட்டால் அது உடனே நின்றுவிடும். ஆனால் பாதுகாப்பான இணையத் தொடர்புக்கான ஓப்பன்எஸ்எஸ்எல், சிறு தரவுத்தளமான எஸ்க்யூலைட் போன்ற நூலகங்களின் தலைப்புக் கோப்புகள் (நூலகத்தில் உள்ளவற்றைக் கம்பைலருக்கு அறிவிக்கும் கோப்புகள்) இல்லாவிட்டால் நிற்காது. அவற்றை நம்பியிருக்கும் மாட்யூல்களை, அதாவது பைத்தானின் பகுதிகளை, விட்டுவிட்டு மேலே போய்விடும்.

டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்திலும் அதை அடியொற்றிய உபுண்டுவிலும் ஒரு நூலகம் இயங்குவதற்கான கோப்புகள் ஒரு பேக்கேஜிலும், அதை வைத்துப் புதிய நிரலைக் கம்பைல் செய்வதற்கான தலைப்புக் கோப்புகள் ‘டெவ்’ என்று முடியும் பெயருடைய வேறொரு பேக்கேஜிலும் தரப்படுகின்றன. ஆகவே அன்றாடம் ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கணினியிலும் அதன் தலைப்புக் கோப்புகள் இல்லாதிருப்பது இயல்பே. இந்நிலையில் கட்டுரை சொன்னபடி செய்பவருக்கு, ஆயிரக்கணக்கான வரிகள் திரையில் ஓடி முடிந்தபின், இன்னின்ன மாட்யூல்களுக்குத் தேவையானவை கிடைக்கவில்லை என்று ஒரு சிறு பட்டியல் மட்டும் கடைசியில் தெரியும். பிழை என்று எதுவும் வராததால் பெரும்பாலானோர் அதைப் படிப்பதில்லை. பின்னர், பைத்தானுக்கான கூடுதல் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் கொண்டு எதையாவது நிறுவ முயலும்போது, எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லாததால் பாதுகாப்பான இணைப்பு ஏற்படுத்த முடியாமல் அது தோற்கும். எஸ்க்யூலைட் இல்லையென்றால், இணையதளங்களை உருவாக்க உதவும் ஜாங்கோவைக் கற்கத் தொடங்குபவர் அதன் இயல்பான தரவுத்தளத்தையே திறக்க முடியாது. தட்டச்சு செய்த வரிகளைத் திருத்த உதவும் ரீட்லைன் நூலகம் இல்லையென்றால், 3.12 வரையிலான பதிப்புகளில், முந்தைய வரியைக் கொண்டுவர மேல்நோக்கிய அம்புக்குறி விசையை அழுத்தும்போது பொருளற்ற குறியீடுகளே விழும். இணையம் மெதுவாக இருக்கிறது, விசைப்பலகை பழுதாகிவிட்டது என்றெல்லாம் ஒரு மாணவர் நினைத்துக்கொள்ள இடமுண்டு. காரணமோ முதல் கட்டளைக்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஒரு வேலை.

அந்த வேலை கடினமானதன்று. ஓப்பன்எஸ்எஸ்எல், இசட்லிப், லிப்எஃப்எஃப்ஐ, எஸ்க்யூலைட், ரீட்லைன், பிஇசட்2, எல்இசட்எம்ஏ, டிகே ஆகியவற்றின் டெவ் பேக்கேஜ்களை முதலில் நிறுவிவிட வேண்டும்; மூலநிரல் களஞ்சியத்தை இயக்கி வைத்திருப்போர், உபுண்டுவின் நிறுவல் கருவியான ஏப்ட்டின் ‘பில்டு-டெப்’ கட்டளையால் ஒரே மூச்சில் இவற்றைப் பெறலாம். இடையில் விடுபட்டதைக் கண்டு பின்னர் நிறுவினால், கன்ஃபிகரை மீண்டும் ஓட்டி முதலிலிருந்து கம்பைல் செய்வதே நல்லது. பழைய இயங்குதளம் என்றால் பதிப்பையும் பார்க்க வேண்டும்: பைத்தான் 3.10 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்கு மேற்பட்டது கட்டாயம் தேவை. சென்ட்ஓஎஸ் 7 என்னும் பழைய லினக்ஸ் தந்ததோ 1.0.2. அங்கே புதிய ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தனியே நிறுவி, அதன் இடத்தைக் கன்ஃபிகருக்குச் சொல்லியாக வேண்டும்.

இனி, மிகவும் கவலை தரும் பகுதிக்கு வருகிறேன். உபுண்டுவோடு வரும் பைத்தான் நம் பயன்பாட்டுக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. இயங்குதளத்தின் பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டு அதையே நம்பியிருக்கின்றன. உபுண்டுவின் 22.04 பதிப்பு பைத்தான் 3.10 உடனும், 24.04 பதிப்பு 3.12 உடனும் வருகின்றன. ஏப்ட்டுக்கான பைத்தான் மாட்யூல் அந்தந்தப் பதிப்புக்கென்றே கம்பைல் செய்யப்பட்டிருப்பதால் வேறு பதிப்பு அதை ஏற்றுக்கொள்ளாது. ‘யூஎஸ்ஆர் பின்’ கோப்புறையிலுள்ள பைத்தான்3 இணைப்பை மாற்றியவுடன், களஞ்சியங்களைச் சேர்க்கும் கருவி ‘ஏப்ட்_பிகேஜி என்ற மாட்யூல் இல்லை’ என்ற பிழையோடு நின்றுவிடும். 22.04 இல், கட்டளைகளைத் தட்டச்சு செய்ய உதவும் டெர்மினலைத் திறக்கும் கோப்பும் ஒரு பைத்தான் நிரலே என்பதால், டெர்மினல் சாளரமே திறக்காது.

‘மேக் இன்ஸ்டால்’ கட்டளை தன் இயல்பில் யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் இருக்கும் ‘லோக்கல்’ பகுதியில் எழுதுவதால் இயங்குதளத்தின் கோப்புகளை அழிப்பதில்லை. அந்த அளவில் கட்டுரை சொன்னது சரிதான். ஆயினும் கட்டளைகளைத் தேடும் வரிசையில் லோக்கல் பகுதி முன்னே நிற்பதால், பைத்தான்3 என்று தட்டச்சு செய்தால் அதன்பின் புதியதே வரும். ‘மேக் ஆல்ட்இன்ஸ்டால்’ என்று கொடுத்தால், பைத்தான்3.13 என்பது போன்ற முழுப்பெயர் மட்டும் உருவாகும். பொதுப்பெயர் இயங்குதளத்திடமே இருக்கும். இதனினும் நல்லது, கன்ஃபிகரிலேயே ‘பிரிஃபிக்ஸ்’ தெரிவால் நம் இல்லக் கோப்புறைக்குள் ஓரிடத்தைக் குறிப்பிடுவது. பைத்தானின் மேக் கோப்பில் நிறுவியதை நீக்கும் கட்டளை கிடையாது என்பதால், தனிக் கோப்புறையில் இருந்தால் அதை அழிப்பதோடு எல்லாம் முடிந்துவிடும்.

பைத்தானை வேகமாக இயங்கச் செய்யக் கட்டுரை பரிந்துரைத்த, கன்ஃபிகரின் மேம்படுத்தல் தெரிவு பயனுள்ளதே. பைத்தானையே சிறிது நேரம் ஓட்டிப் பார்த்து, அதன் அடிப்படையில் மீண்டும் கம்பைல் செய்வதால் நேரம் கூடும் என்பதை மட்டும் சொல்லியிருக்கலாம்.

இத்தகைய தெரிவுகள் தமிழ் எழுத்துகள் வரை எட்டும் என்பதற்குப் பழைய சான்றொன்று உண்டு. பைத்தான் 3.3 க்கு முன், யூனிகோடு எழுத்துகளை இரண்டு பைட்டிலா நான்கு பைட்டிலா வைப்பது என்பதைக் கன்ஃபிகரில்தான் முடிவு செய்தார்கள். உபுண்டு நான்கையும் விண்டோஸ் இரண்டையும் கொண்டிருந்தன. நம் வழக்கமான எழுத்துகளுக்கு அதனால் இடர் இல்லை. ஆனால் 2019 இல் யூனிகோடு 12.0 சேர்த்துக்கொண்ட முந்திரி முதலிய தமிழ்ப் பின்னக் குறிகள் இரண்டு பைட்டில் அடங்கும் அடிப்படைத் தளத்துக்கு வெளியே உள்ளவை. இரண்டு பைட் பைத்தான் 2.7 அவற்றில் ஒன்றை இரண்டு எழுத்தாக எண்ணும். 2012 இல் வந்த 3.3 பதிப்பு அந்தத் தெரிவையே நீக்கிவிட்டது.

கட்டுரையைப் பின்பற்றி இணைப்பை ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் இயங்குதளத்தை முழுவதுமாக மீண்டும் நிறுவ வேண்டியதில்லை. டெர்மினல் திறக்காவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குச் சென்று, உள்நுழைந்து, யூஎஸ்ஆர் பின் கோப்புறையிலுள்ள பைத்தான்3 இணைப்பை 22.04 எனில் பைத்தான்3.10 க்கும், 24.04 எனில் பைத்தான்3.12 க்கும் மீண்டும் திருப்பினால் போதும். லோக்கல் பகுதியிலுள்ள பைத்தான்3 இணைப்பை நீக்கிவிட்டுப் புதிய பதிப்பை அதன் முழுப்பெயராலேயே அழைத்துப் பயன்படுத்தலாம். இந்தத் திருத்தத்தை அதே பக்கத்தில் விரைவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கணினி ஆய்வகப் பொறுப்பாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.