கிராமபோனும் துப்பாக்கியும்: சண்முகத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து நீ மறுபடியும் படம் பார்க்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கும் எல்லோரும் சுகம். பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டதால் பகல் பொழுது எனக்கென்று கிடைக்கிறது. அதைப் பழைய ஹாலிவுட் படங்களுக்கே கொடுத்துவிட்டேன்.

பேச்சு வந்ததும் சினிமாவின் அழகு போய்விட்டது, ஆரம்ப காலப் பேசும் படங்கள் எல்லாம் மேடை நாடகத்தைப் படம்பிடித்தவைதான் என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நீ சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. காமிராவின் இரைச்சல் பதிவாகிவிடக் கூடாது என்பதற்காக அதை ஒளிப்பதிவாளரோடு சேர்த்து ஒரு கூண்டுக்குள் அடைத்து வைத்தார்கள். மைக் இருக்கும் இடத்தை விட்டு நகர முடியாமல் நடிகர்கள் நின்ற இடத்திலேயே நின்று பேசினார்கள். 1928-இல் வார்னர் நிறுவனம் வெளியிட்ட, முழுவதும் பேச்சாலேயே அமைந்த முதல் முழுநீளப் படமான 'லைட்ஸ் ஆஃப் நியூ யார்க்' இதற்குச் சரியான சாட்சி. கள்ளச் சாராயக் கும்பல் கதைதான் என்றாலும், கொலைக்கு ஆணையிடும் தலைவன் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சுவிட்டு மூச்சுவிட்டுப் பேசுவதைப் பார்த்தால் பயம் வருவதில்லை. ஆனால் ஏறத்தாழ 23,000 டாலர் செலவில் எடுத்த அந்தப் படம் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. குற்றக் கதையின் ஒலியைக் கேட்க மக்கள் எவ்வளவு ஆவலாக இருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அடுத்த ஆண்டே வந்த 'தண்டர்போல்ட்' படத்தை நீ பார்த்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க் இயக்கிய முதல் பேசும் படம் அது. ஜார்ஜ் பான்கிராஃப்ட் நடித்த கொள்ளைக்காரன், தன்னை விட்டு விலகி ஒரு வங்கி ஊழியனோடு நல்வாழ்வு வாழ விரும்பும் பெண்ணை விடாமல் பற்றிக்கொள்ள நினைக்கிறான். போட்டியாளனைத் தீர்த்துக்கட்டப் போகிற இரவில் தெருநாய் ஒன்று குரைத்து அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மரண தண்டனைக் கைதியாகச் சிறைக்குள் இருந்தபடியே அந்த இளைஞன் மீது பொய்க் கொலைப்பழி விழச் செய்து, அவனையும் எதிர்ச் சிறையறைக்கே வரவழைக்கிறான். நடுவில் ஒரு நடைவழி, இருபக்கமும் கம்பிகள், ஒரே பெண்ணை நேசித்த இரண்டு பேர். அந்த நடைவழியில் நம் கண்ணுக்குத் தெரியாத அறைகளிலிருந்து கைதிகள் சேர்ந்து பாடும் குரல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. திரையில் பகை, காதில் பாட்டு. படமும் ஒலியும் ஒன்றையே சொல்ல வேண்டியதில்லை என்பதை 1929-லேயே ஒருவர் கண்டுகொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய வியப்பு.

'தி பப்ளிக் எனிமி' இதை இன்னும் கூர்மையாக்குகிறது. 1931-இல் வில்லியம் வெல்மன் இயக்கிய படம். சிறுவயதில் தன்னைக் கெடுத்துக் கைவிட்ட பழைய ஆளைத் தேடிப் பிடிக்கிறான் ஜேம்ஸ் காக்னி நடித்த தாதா. அந்த ஆள் உயிருக்குக் கெஞ்சி, பழைய நாட்களை நினைவுபடுத்த பியானோவில் உட்கார்ந்து அந்தக் காலத்துப் பாட்டைப் பாடுகிறான். காமிரா மெல்ல விலகி, கதவருகே நிற்கும் கூட்டாளியின் முகத்துக்குப் போய்விடுகிறது. துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, பாட்டு பாதியில் அறுபடுகிறது, பியானோ கட்டைகள் மேல் உடல் சரியும் ஓசை கேட்கிறது. கொலையை நாம் பார்க்கவே இல்லை. மௌனப் படத்தில் இதை எப்படிச் செய்திருக்க முடியும், நீயே சொல். படத்தின் முடிவிலும் இப்படித்தான்: மகன் வீடு திரும்புகிறான் என்று நம்பித் தாய் மாடியில் படுக்கையைத் தட்டிப் போடுகிறாள், கிராமபோனில் நீர்க்குமிழிகளைப் பற்றிய இனிய பாட்டு சுழல்கிறது, வாசலில் எதிரிக் கும்பல் கட்டுப்போட்ட பிணமாக அவனை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறது. அண்ணன் கதவைத் திறந்ததும் அந்த உடல் உள்ளே விழுகிறது. இசைத்தட்டு நிற்காமல் ஓடுகிறது.

இந்தப் படங்களில் இன்னொன்றும் என்னை ஈர்க்கிறது: தாதாவின் வீழ்ச்சி பெரும்பாலும் நேசத்திலிருந்தே தொடங்குகிறது. காவல்துறை கடைசியில்தான் வருகிறது. 'லிட்டில் சீசர்' படத்தில் எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்த கும்பல் தலைவன் ரீகோ, நடனக்காரியோடு காதல் கொண்டு கும்பலை விட்டு விலகும் நண்பன் ஜோவைச் சுடப் போகிறான். துப்பாக்கியோடு நெருங்கும் அவன் முகம் திரையை நிறைக்கிறது, கண்கள் கலங்குகின்றன, சுட முடியவில்லை. அவன் சரிவு அந்த நொடியில் தொடங்கிவிடுகிறது. 'ஸ்கார்ஃபேஸ்' படத்தில் தலைவனின் காதலி சிகரெட்டை எடுக்கிறாள், தலைவன் லைட்டரை நீட்டுகிறான், பால் முனி நடித்த டோனி தீக்குச்சியை நீட்டுகிறான். அவள் தீக்குச்சியைத் தேர்ந்தெடுக்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல் அதிகாரம் கைமாறுகிறது. அதே டோனிதான் பின்னால், தங்கையும் உயிர்த்தோழனும் மணந்துகொண்டது தெரியாமல், பொறாமை தலைக்கேறி அந்தத் தோழனையே சுட்டுக் கொல்கிறான். படத்தின் முதல் காட்சியில் வேறொரு கொலைக்கு முன் அவன் ஓர் இத்தாலிய ஓபரா மெட்டைச் சீட்டியடிப்பதைக் கேட்கிறோம். முகம் தெரிவதில்லை, சுவரில் நிழல் மட்டும்.

தணிக்கைக்காரர்கள் 'ஸ்கார்ஃபேஸ்' படத்தை விட்டுவைக்கவில்லை. தூக்கு மேடையில் முடியும் வேறொரு முடிவை எடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. அதில் பால் முனியின் முகமே இல்லை. திரையில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று ஹாலிவுட் தனக்கே 1930-இல் எழுதிக்கொண்ட தயாரிப்பு நெறிமுறை, 1934-இல் ஜோசஃப் ப்ரீன் அதைச் செயல்படுத்தும் பொறுப்பேற்ற பிறகுதான் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கிடைத்த நாலைந்து ஆண்டுகளுக்குள் இவ்வளவு துணிச்சலான படங்கள் வந்துவிட்டன என்பதை நினைக்கும்போது, அதன்பின் வராமல் போனவற்றுக்காக எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

உனக்கு நேரம் வாய்க்கும்போது 'தண்டர்போல்ட்' படத்தை முதலில் பார். ஒலியைக் குறைத்து வைக்காதே. கடைசியில் கொள்ளைக்காரன் தன் போட்டியாளன் மீது கை வைக்கும் இடத்தில் அவன் மனம் எதனால் மாறுகிறது என்று உனக்குத் தோன்றுகிறதோ அதை எழுது. எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, உன்னுடையதைப் படித்த பிறகு சொல்கிறேன்.

அன்புடன்,
இராமலிங்கம்