தமிழில் எழுதிக் கொடுக்காத கடனுக்குப் பராட்டேயும் வேண்டாம்: இலங்கை மத்திய வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பராட்டே என்று நாங்கள் சொல்லுகிற அந்தச் சட்டம் இருப்பதால், ஈடு வைத்த காணியை நீதிமன்றப் படி ஏறாமலே ஏலத்தில் விற்க வங்கியின் பணிப்பாளர் சபையின் ஒரு தீர்மானம் போதும். 2024 இல் அதை இடைநிறுத்தினார்கள். டிசம்பர் 15 வரை என்றார்கள், பிறகு 2025 மார்ச் 31 வரை என்று நீட்டினார்கள். அந்தத் தவணையும் முடிந்து போயிற்று.

அண்மையில் பத்திரிகையில் ஓர் ஏல அறிவித்தல் பார்த்தேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அக்கா ஒருவரின் காணி. நான்கு எல்லை, பரப்பு, உறுதி இலக்கம், ஏலம் கூறும் நேரம், எல்லாம் பிழையில்லாத தமிழில் இருந்தன. இந்தத் தீர்மானங்களைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் நாளிதழ்களில் போட வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆகவே வங்கியை அந்த வகையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடன் தொடர்பாக அக்கா தமிழில் வாசித்த முதல் கடதாசி அதுதான் ஐயா. கடன் ஒப்பந்தம் ஆங்கிலம். ஈட்டு உறுதி ஆங்கிலம். வட்டி கூடியதென்று வந்த கடிதங்கள் ஆங்கிலம். காணியை விற்கும்போது மட்டும் தமிழ்.

என் கோரிக்கை ஒன்றுதான். தமிழில் கடன் கேட்டு வருகிறவருக்கு ஒப்பந்தத்தையும் ஈட்டு உறுதியையும் வட்டி மாற்ற அறிவித்தலையும் தமிழிலேயே கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்காத கடனுக்குப் பராட்டே அதிகாரத்தை வங்கிகள் பயன்படுத்தக் கூடாது.

அக்காவின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். நிலாவெளிப் பக்கம் நான்கு அறையோடு ஒரு விடுதி. கட்டி முடிக்க 2018 இல் கடன் எடுத்தார். எங்கள் கடற்கரைக்கு ஆள் வருவது சித்திரை கழிந்த பிறகுதான். 2019 இல் அந்தப் பருவம் தொடங்குகிற நேரம் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு. அடுத்த வருடம் கொரோனா. அப்போது வங்கியிலிருந்து ஒரு படிவம் வந்தது. “சலுகைக் காலம், இந்த இடத்தில் கையெழுத்து வையுங்கோ, கொஞ்ச நாளைக்குக் கட்டத் தேவையில்லை” என்று வாய்வழியாகச் சொன்னார்கள். அக்காவும் கும்பிட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தார். அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடும், ஓடிய வட்டி முதலோடு சேரும், சேர்ந்த தொகைக்கு மறுபடி வட்டி வரும் என்பதெல்லாம் அந்தப் படிவத்தில் இருந்ததாம், ஆங்கிலத்தில். தெரிந்திருந்தால் நகையை அடகு வைத்தாவது வட்டியை மட்டும் கட்டியிருப்பேன் என்கிறார். அவருடைய சுபாவத்துக்கு நிச்சயம் கட்டியிருப்பார்.

பிறகு 2022 ஏப்ரல். நீங்கள் வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினீர்கள். 7.5 ஆக இருந்தது 14.5 ஆனது. நாடு கிடந்த கிடையில் அது தேவைப்பட்டிருக்கலாம், அதைப் பற்றி வாதாட நான் வரவில்லை. அக்காவுக்கு வந்த கடிதத்தில் ஒரு பந்தியும் ஒரு புதிய தவணைத் தொகையும் இருந்தன. தொகையை மட்டும் இலக்கத்தில் பார்த்து விளங்கிக்கொண்டார். “ஏன் கூடினது?” என்று கிளையில் கேட்டதற்கு, “ஒப்பந்தத்தில் இருக்கு, நீங்கள்தானே சைன் பண்ணினீங்கள்” என்று பதில். மாறும் வட்டி என்ற வாசகம் எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வங்கிகளுக்கான வாடிக்கையாளர் சாசனத்தை 2011 இல் கொண்டு வந்தது உங்கள் வங்கி. நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை 2023 இல் வெளியிட்டதும் நீங்கள்தான். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றில் வாடிக்கையாளர் விரும்புகிற மொழியில் ஆவணம் என்பது கொழும்பில் தீர்மானமாகிவிட்டது. அது ஹபரணைக் காட்டைத் தாண்டி திருகோணமலைக்கு வருகிற வழியில் எங்கே இறங்கிவிடுகிறதோ தெரியவில்லை.

வங்கிகளிடம் தமிழ் இல்லையா? நகை அடகுப் பலகை ஆளுயரத்துக்குத் தமிழில் நிற்கிறது. காசு எடுக்கும் இயந்திரம் தமிழ் பேசுகிறது. பொங்கலுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் எங்கள் தொலைபேசிக்கு வருகிற வாழ்த்துகளில் இலக்கணப் பிழைகூட இல்லை. எங்களிடமிருந்து நகை வேண்டுமென்றால் தமிழ், எங்களுக்கு நிபந்தனை சொல்ல வேண்டுமென்றால் ஆங்கிலம். நல்ல பங்கீடு!

வங்கிகள் மட்டும்தானா என்றால் இல்லை. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதம் ஆனது. அந்த வரிக்குப் பதிய வேண்டிய விற்பனை எல்லை ஆண்டுக்கு 8 கோடியிலிருந்து 6 கோடி ரூபாவாக இறங்கியது. வரி இலக்கம் எடு என்றார்கள், எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் யாரையாவது பிடித்து, காசு கொடுத்து, வாசிப்பித்துத்தான் காலம் போகிறது. 1987 இலேயே தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அதை வாசிக்கவும் ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும் போல.

மன்னிக்க வேண்டும், சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டேன். சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் வங்கிகளுக்குப் பணிப்புரை விடும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. மூலக்கடன் மிகுதி 50 இலட்சத்துக்குக் கீழே என்றால் பராட்டே பாயாது என்று 2011 இல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். தொகைக்கு ஓர் எல்லை போட முடிந்தது என்றால் மொழிக்கும் ஒன்று போடலாம். அதுவரைக்கும், தமிழில் ஒப்பந்தம் கொடுத்ததற்கான அத்தாட்சி கோவையில் இல்லாத கடனை ஏலத்துக்குக் கொண்டு போகாதீர்கள் என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள். நாங்கள் கடனைத் தள்ளச் சொல்லவில்லை. எடுத்ததைக் கட்டத்தான் வேண்டும்.

உங்கள் பரிசோதகர்கள் அடுத்த முறை திருகோணமலைக் கிளைகளுக்கு வரும்போது, முகாமையாளர் எடுத்து நீட்டுகிற கோவைகளை விட்டுவிட்டு, தாங்களாகவே பத்துக் கடன் கோவைகளை இழுத்து எந்த மொழியில் இருக்கின்றன என்று பார்க்கும்படி தயவுசெய்து சொல்லுங்கள். பார்த்ததை வெளியிடவும் வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு சிறு வியாபாரி