ஈயக் கவசத்தை விடுங்கள், காரணத்தைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒரு தாய் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். விழுந்து மணிக்கட்டு வீங்கிய மகனை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனாராம். அங்கே கதிரைத் தடுக்கும் ஈயக் கவசம் போடவில்லை என்றதும், எடுக்காமலே திரும்பிவிட்டாராம். 27 வருடம் எக்ஸ்ரே அறையில் நின்றவன் என்பதால் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

அவர் பயந்ததில் தப்பில்லை. குழந்தைகளின் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. கதிர்வீச்சின் பாதிப்பு தலைகாட்டப் பல வருடம் ஆகலாம், குழந்தைக்கு அத்தனை வருடமும் முன்னால் இருக்கிறது. ஆனால் பயம் தப்பான இடத்தில் போய் நிற்கிறது.

நாங்களே ஒரு காலத்தில் ஓடி ஓடிக் கவசம் போட்டவர்கள்தான். 1950களில் வந்த பழக்கம் அது. அதற்கப்புறம் கருவிகள் எவ்வளவோ மாறி, ஒரு படத்துக்கான கதிர் மிகவும் குறைந்துவிட்டது. இடுப்பை எடுக்கும்போது கவசம் கொஞ்சம் நகர்ந்தால் பார்க்க வேண்டிய எலும்பையே மறைத்துவிடும், திரும்ப எடுக்க வேண்டும். கதிரின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவியாக இருந்தால் இன்னும் மோசம்: ஈயம் குறுக்கே வந்ததும் 'போதவில்லை' என்று நினைத்து அது கதிரைக் கூட்டிவிடும். உடம்புக்குள்ளேயே சிதறும் கதிரை வெளியே போர்த்திய கவசம் தடுக்கவும் போவதில்லை. இதையெல்லாம் யோசித்துத்தான் 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம், நோயாளிக்கு இடுப்புக் கவசம் போடும் வழக்கத்தை நிறுத்தலாம் என்றது. குழந்தையைப் பிடித்துக்கொண்டு கூட நிற்பவருக்குக் கவசம் வேண்டும், அது வேறு விஷயம். கர்ப்பிணியாக இருந்தால் அவர் பிடிக்கவே வேண்டாம், வேறு யாராவது நிற்கட்டும்.

சரி, எவ்வளவு கதிர்? மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதருக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) எப்படியும் வந்து சேர்கிறது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே சுமார் 0.02, அதாவது 3 நாள் கணக்கு. கை, கால் எக்ஸ்ரே என்றால் ஒரு நாள் கணக்குகூட வராது.

சி.டி. ஸ்கேன் அப்படியல்ல. தலைக்கு ஒரு தடவை எடுத்தாலே 2 மில்லிசீவர்ட் அளவுக்குப் போகும், வயிற்றுக்கு அதைவிட அதிகம். ஐரோப்பாவில் 9 நாடுகளில், இளவயதில் சி.டி. எடுத்துக்கொண்ட 9 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஸ்கேன் எடுத்த 10,000 குழந்தைகளில் அடுத்த 12 வருடத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு அந்தக் கதிரால் இரத்தப் புற்றுநோய் வரலாம் என்பது அதன் கணக்கு. மண்டைக்குள் இரத்தக் கசிவு என்ற சந்தேகம் வலுவாக இருந்தால் இந்த ஆபத்து ஒன்றுமே இல்லை, உடனே எடுக்க வேண்டும். ஆனால் தலையில் லேசாக இடித்துக்கொண்டு, அழுது முடித்து, விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் 'எதற்கும் எடுத்துவிடுங்கள்' என்று பெற்றோரே கேட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். கவசம் எங்கே என்று சண்டை போட்டவர்களும் அவர்களில் உண்டு!

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் படத்தால் வைத்தியம் மாறுமா? அல்ட்ராசவுண்டில் பார்த்தால் போதாதா? வயிற்றுவலிக்குப் பல சமயம் போதும், அதில் இந்தக் கதிரே கிடையாது. சில மணி நேரம் கவனித்துப் பார்க்கலாமா? போன மாதம் எடுத்த படம் கையில் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, திரும்ப எடுக்க வைக்காமல் இருப்பது. குழந்தை அசைந்தால் படம் கலங்கும், அப்புறம் இரண்டாவது தடவை. சங்கிலி, உலோக பட்டன், ஹேர்பின் எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிடுங்கள். நீளமான பின்னல் நெஞ்சின் மேல் கிடந்தால் படத்தில் நுரையீரல் கோளாறுபோலவே தெரியும், நானே ஏமாந்திருக்கிறேன். அழுகிற குழந்தையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அலறி முடித்து மூச்சை இழுக்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் நாங்கள் பட்டனில் கையை வைத்துக் காத்திருப்போம். கவசத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, கதிர் விழும் இடத்தை வெளிச்சச் சதுரமாகக் காட்டுவார்களே, அதை. மணிக்கட்டுக்கு மணிக்கட்டளவுதான் அது இருக்க வேண்டும். முழங்கை வரை விரிந்திருந்தால் தாராளமாகக் கேளுங்கள்.

அந்தத் தாய் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வளரும் எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று இருக்கிறது, எலும்பு நீளமாக வளர்வது அங்கிருந்துதான். மணிக்கட்டில் அடிபடும்போது சில சமயம் அங்கேயும் அடிபடும். பிள்ளைகளுக்கு எலும்பு சீக்கிரம் ஒட்டிவிடும். விலகியபடி ஒட்டிவிட்டால் ஒரு வாரம் பத்து நாளுக்குப் பிறகு அதைச் சரிசெய்வது கடினம். வீக்கமும் வலியும் இன்னும் இருந்தால், இன்றைக்கே கூட்டிப்போய் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் அம்மா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன் ஒருவர்