எனாமலுக்கு மேல் பெயிண்ட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் காரைக்குடி பழம்பொருள் கடைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இரும்பின் மேல் கண்ணாடிப் பூச்சு ஏற்றிய செட்டிநாட்டு எனாமல் தூக்குகளின் படங்கள் அருமை. ஆனால், சில்லு பெயர்ந்த இடத்தில் அதே நிறப் பெயிண்டைத் தொட்டு வைத்தால் நல்ல விலை போகும் என்று கடைசியில் ஒரு யோசனை சொல்லியிருந்தீர்களே, அதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. அம்பத்தூரில் ஓர் எனாமல் பட்டறையில் 31 வருஷம் சூளைப் பக்கம் நின்றவன் நான்.

போன கோடையில் சிகாகோ பக்கம் மகன் வீட்டில் இருந்தேன். அங்கே சனிக்கிழமை காலையில் பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்பார்கள். ஒரு வீட்டில் சிவப்பாக, உருண்டையாக, மூன்று காலில் ஒரு கரி அடுப்பு நின்றது. வெபர் கெட்டில், இறைச்சி சுடுகிற அடுப்பு. 20 டாலர் என்றார்கள். நான் சைவம், அதில் எனக்கு என்ன வேலை? ஆனாலும் கை சும்மா இருக்குமா, மூடியை விரல் கணுவால் தட்டிப் பார்த்தேன். அசல் எனாமல்.

அந்த அடுப்பு பிறந்ததே சிகாகோவில்தான். வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், 1952இல், மிதவை செய்ய வைத்திருந்த அரைக்கோளங்களை எடுத்துக் கால் வைத்து, மூடி போட்டு உருவாக்கியது. அந்த மூடியில் காற்றுத் துவாரத்தைத் திறந்து மூட ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. அதில் அடுப்பு செய்த வருஷத்தைச் சொல்கிற ஓர் ஆங்கில எழுத்து. 1979க்கு ஏ, அடுத்த வருஷத்துக்கு பி. இதில் இருந்தது சி. மகன் பிறந்ததும் 1981தான். "என் வயசுப்பா இதுக்கு" என்று சொல்லி அவனே காசைக் கொடுத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து மூடியைத் திருப்பினால் உள்ளே செதில் செதிலாக ஏதோ உரிந்தது. "பெயிண்ட் போகுது மாமா, ஏமாந்துட்டோம்" என்றாள் மருமகள். அது பெயிண்டே இல்லை. கொழுப்பும் புகையும் வருஷக்கணக்கில் கரிந்து படிந்தது. அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டித் தேய்த்தேன். அரை மணி நேரத்தில் அடியில் எனாமல் பளபளத்தது.

இரண்டு தெரு தள்ளி இந்த அடுப்புகளைச் சேர்க்கிற ஒருவர் இருக்கிறார். வந்து பார்த்தவர் 150 டாலர் தருகிறேன் என்றார். கறுப்பு எங்கும் கிடைக்குமாம், பழைய சிவப்பு, மஞ்சள், நீலத்துக்குத்தான் போட்டி. 2022இல் அந்தக் கம்பெனியே 70ஆம் ஆண்டுக்காகப் பழைய சாயலில் கலர் அடுப்புகளை விட்டது, அதற்குப் பிறகும் எனக்குப் பழசுதான் வேண்டும் என்றார். அவர் கராஜில் இதே வருஷத்து இதே சிவப்பில் இன்னொன்று கிடந்தது. யாரோ அக்கறையாக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். அதை அவர் வாங்கியது 10 டாலருக்கு. அதுவும் கால்களுக்காக!

எனாமல் என்பது கண்ணாடிப் பொடி. 800 டிகிரி சூட்டில் உருகி இரும்போடு ஒட்டிக்கொள்வது. அதனால்தான் நாற்பது வருஷம் பனியிலும் வெயிலிலும் கிடந்தும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை. பெயிண்ட் வெறும் மேல்தோல். துரு பிடித்த சில்லின் மேல் அடித்தால் துரு அடியில் ஓடிக்கொண்டேதான் இருக்கும், வாங்க வருகிறவருக்கும் எதை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிடும். தூக்கைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சில்லு போன இடத்தில் துளி தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள், போதும். உள்பக்கம் பெயர்ந்திருந்தால் அதில் சாப்பாடு மட்டும் வைக்காதீர்கள்.

மகன் அடுப்பை விற்கவில்லை. போன வாரம் வீடியோவில் அதில் சோளம் சுட்டுக் காட்டினான். மூடியின் கைப்பிடி லேசாக ஆடியது. ஸ்க்ரூவை முடுக்கச் சொன்னேன், ரொம்ப முறுக்கினால் எனாமல் தெறித்துவிடும் என்றும் சொல்லி வைத்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எனாமல் தொழிலாளி,
அம்பத்தூர், சென்னை